ரஷ்யர்களோடு வாழும்போது சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூர்ஸ்க், கசான், வோல்கோகிராட், ஸ்மோலென்ஸ்க் என்று ரஷ்ய நகரங்களுக்கு மருத்துவம் படிக்கவும் வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏராளம். விமானம் ஏறும் முன்பே அவர்களும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்கும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். எனக்கு வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி நிறையப் பொடி கொண்டுவந்து, இருக்கும் வருடங்கள் அத்தனையையும் அறைக்குள்ளேயே சமைத்து ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். நாளுக்கு ஒரு வேளையாவது இந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதை, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். உடம்புக்கும் நல்லது, மொழியும் வரும், இருட்டான குளிர்கால மாதங்களில் தனிமையும் குறையும்.

ரஷ்யர்கள் அன்றாடம் என்னதான் சாப்பிடுகிறார்கள்?

காலையில் பெரும்பாலும் காஷா. ஓட்ஸ், ரவை, அரிசி, பனிவரகு இதில் ஏதாவது ஒன்றைப் பாலில் குழைய வேகவைத்து, கொஞ்சம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைத்துத் தருவார்கள். கஞ்சி குடித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான சாப்பாடே இல்லை. பனிவரகை 'ப்ஷெனோ' என்ற பெயரில் எல்லா மளிகைக் கடையிலும் விற்கிறார்கள். பரங்கிக்காய் சேர்த்து வேகவைத்த ப்ஷெனோ காஷா இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும். நாம் சிறுதானியத்தை மறந்துவிட்டு இப்போது தேடித் தேடி வாங்குகிறோம். இங்கே அது அடுக்களையை விட்டுப் போகவே இல்லை. காஷா பிடிக்காதவர்கள் முட்டை ஆம்லெட்டோ, ரொட்டியும் சீஸுமோ, 'ஸிர்னிகி' என்ற பாலாடைக்கட்டி அடையோ சாப்பிடுவார்கள்.

மதியம் 12 மணிக்கு மேல் 2 மணிக்குள் முக்கியமான சாப்பாடு. முதலில் சூப், அடுத்து ஒரு கறியோ மீனோ அதற்குத் துணையாக உருளைக்கிழங்கோ சோறோ, கடைசியில் பழம் வேகவைத்த நீரான கம்போத். பீட்ரூட் போட்ட போர்ஷ், முட்டைக்கோஸ் போட்ட ஷி, ஊறுகாய் வெள்ளரியும் பார்லியும் சேர்ந்த ரசோல்னிக், பட்டாணி சூப், மீன் போட்ட ஊகா என்று சூப்பிலேயே ஒரு வாரம் ஓடும். கோடையில் அக்ரோஷ்கா வரும். வெள்ளரி, முள்ளங்கி, வேகவைத்த உருளை, முட்டை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, குளிர்ந்த கெஃபிர் என்ற புளித்த பாலையோ க்வாஸ் என்ற ரொட்டிப் பானத்தையோ ஊற்றிக் கொடுப்பார்கள். முதல் வாய் விசித்திரமாகத்தான் இருக்கும். பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாவது கிண்ணத்திலேயே பழகிவிடும்.

இரவில் எளிமையாக இருக்கும்: பொரித்த உருளைக்கிழங்கு, மாவுக்குள் கொத்துக்கறி வைத்து வேகவைத்த பெல்மேனி, அல்லது மதியம் மிஞ்சியது.

கிரேச்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழுப்பு நிறத்தில் முக்கோண மணிகளாக இருக்கும் இது கோதுமை இனமே இல்லை. வட இந்தியாவில் விரத நாளில் சாப்பிடும் குட்டு இதுதான். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு, மூடி வைத்தால் இருபது நிமிடத்தில் தயார். வறுத்த மணம் முதலில் சிலருக்குப் பிடிக்காது. அதில் வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டிப் பாருங்கள், அல்லது சாம்பார் ஊற்றிப் பிசையுங்கள். பரீட்சை நேரத்தில் இதைப்போல் கைகொடுக்கும் பொருள் வேறு இல்லை.

காரமே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

மிளகாய்க் காரம் கிட்டத்தட்ட இல்லை. உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை, பூண்டு, வெங்காயம், இவற்றோடு சதகுப்பைக் கீரை. இந்தக் கீரையை இவர்கள் உக்ரோப் என்பார்கள். சூப், உருளைக்கிழங்கு, சாலட், மீன் எதையும் விடாமல் தூவுவார்கள். அதன் வாசனை முதல் மாதம் எரிச்சலூட்டும், அப்புறம் அது இல்லாத உருளைக்கிழங்கு வெறுமையாகத் தோன்றும்.

ஆனால் காரம் வேறு வழியில் இருக்கிறது. ரஷ்யக் கடுகு விழுது மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும். 'ஹ்ரேன்' என்ற காரமான வேரைத் துருவி இறைச்சியோடு வைப்பார்கள். அதே வேரைத் தக்காளி, பூண்டோடு அரைத்தால் ஹ்ரெனோவினா. உரால், சைபீரியா பக்கத்து வீடுகளில் புட்டி புட்டியாக இருக்கும், நம் தக்காளித் தொக்குக்குப் பதிலாகத் தயிர்சாதத்துக்கே தொட்டுக்கொள்ளலாம். காக்கேசியப் பகுதியிலிருந்து வந்த அஜிகா, மிளகாயும் பூண்டும் மூலிகையும் அரைத்தது. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

இன்னொன்று கொரியக் கேரட். மெல்லிய இழைகளாகச் சீவிய கேரட்டில் மல்லித்தூள், பூண்டு, மிளகாய், வினிகர் சேர்த்துச் சூடான எண்ணெய் ஊற்றியது. இது கொரியாவில் இல்லாத கொரிய உணவு. 1937இல் ஸ்டாலின் ஆட்சி, ரஷ்யத் தூரக்கிழக்கில் வாழ்ந்த கொரியர்களை மொத்தமாகக் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நாடு கடத்தியது. கிம்ச்சிக்கான முட்டைக்கோஸ் அங்கே கிடைக்கவில்லை. கையில் இருந்த கேரட்டை வைத்து அந்தச் சுவையை மீட்டுக்கொண்டார்கள். இன்று ரஷ்யாவின் எந்தச் சந்தையிலும் அது இருக்கிறது. ஊரை இழந்தவர்கள் நாக்கை இழக்காமல் காப்பாற்றிய உணவு அது என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

அக்கா, நான் சுத்த சைவம். அங்கே பட்டினிதானா?

இல்லை. ஆனால் கேட்டுச் சாப்பிடத் தெரிய வேண்டும். "இறைச்சி இல்லை" என்று ஒருவர் சொன்னால், தட்டில் கறித்துண்டு இல்லை என்று அர்த்தமாகலாம். சூப்பின் நீர் எலும்பில் கொதித்ததாக இருக்கலாம். கோழியையும் மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. அதனால் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும்: "யா நே யெம் ம்யாசா, ரீபு, கூரித்சு." சூப் என்றால் கூடவே "நா ம்யஸ்னோம் புல்யோனே?" என்று கேளுங்கள். இறைச்சி வெந்த நீரா என்று பொருள்.

சைவர்களுக்கு ரஷ்யா செய்து வைத்திருக்கும் பெரிய உதவி, அவர்களுடைய மத விரதம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் ஏழு வாரம் பெரிய நோன்பு இருக்கிறார்கள். அதைத் தவிர வருடத்தில் இன்னும் மூன்று நீண்ட நோன்புகள் உண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தையது நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை. இந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், ஈஸ்டர் நோன்பின்போது நிறைய உணவகங்களில் 'போஸ்ட்னயே மெனு' என்று தனி அட்டை வைப்பார்கள். 'போஸ்ட்னி' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிஸ்கட், ரொட்டி, பன், சூப் எதில் அது அச்சடித்திருந்தாலும் பாலும் முட்டையும் கூட இருக்காது. மீனுக்கு மட்டும் சில நோன்பு நாட்களில் அனுமதி உண்டு, அதனால் சமைத்த உணவு என்றால் மீனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நோன்பு இல்லாத நாட்களிலும் வழி இருக்கிறது. வினெக்ரெத் என்ற சாலட் பீட்ரூட், உருளை, கேரட், ஊறுகாய் வெள்ளரி, பட்டாணி, சூரியகாந்தி எண்ணெய் மட்டும்தான். வரேனிகி நம் கொழுக்கட்டை மாதிரி மடித்து வேகவைத்தது. உருளைக்கிழங்கு, காளான், முட்டைக்கோஸ், செர்ரி என்று பூரணம் வைப்பார்கள். உருளைக்கிழங்கு வகையில் மட்டும் பன்றிக் கொழுப்பு வறுவல் சேர்ப்பது உண்டு, கேட்டு வாங்குங்கள். பிரோஷ்கி என்ற பன்னில் முட்டைக்கோஸும் உருளையும் வைத்தது எங்கும் கிடைக்கும். ஆனால் முட்டைக்கோஸோடு முட்டை கலப்பது வழக்கம். ஜார்ஜிய உணவகங்களில் லோபியோ என்று ராஜ்மா பயறைக் குழம்பாக்கித் தருவார்கள், அது நமக்குச் சொந்தச் சாப்பாடாகவே படும்.

பனீருக்குப் பதில் அதிகேய்ஸ்கி சீஸ் வாங்குங்கள். எண்ணெயில் வதக்கினாலும் உருகாது, மசாலாவில் போட்டால் வித்தியாசம் தெரியாது. த்வோரக் என்ற உதிரியான பாலாடைக்கட்டியைப் பனீர் என்று நம்பிக் குழம்பில் போட்டால் பொடிந்து புளித்துப் போகும். அதைத் தேனோடு சாப்பிடுங்கள்.

இனிப்பில் ஜெலட்டினைக் கவனியுங்கள். ஸெஃபிர் மிட்டாயில் பெரும்பாலும் கடற்பாசியோ பழப் பெக்டினோதான், ஆனால் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். மர்மலாத் மிட்டாய்களில் பெக்டின் உள்ளதைத் தேடலாம், மென்று சாப்பிடும் வகைகளில் ஜெலட்டின் அதிகம்.

மாட்டிறைச்சியோ பன்றியோ தெரியாமல் சாப்பிட்டுவிடுவேனோ என்று பயம்.

ஐந்து சொற்கள் போதும். கவ்யாதினா மாடு, தெல்யாதினா கன்று, ஸ்வினினா பன்றி, பரானினா ஆடு, கூரித்சா கோழி. பொட்டலத்தில் உட்பொருள் பட்டியல் கட்டாயம் இருக்கும், பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பெல்மேனியில் மாடும் பன்றியும் கலப்பது வழக்கம். 'தமாஷ்னி' என்று எழுதிய கொத்துக்கறியும் அதே கலவைதான். புகழ்பெற்ற டாக்டர் தொத்திறைச்சியிலும் இரண்டும் உண்டு. கோழி பெல்மேனி, வான்கோழிக் கொத்துக்கறி எல்லாம் தனியாகக் கிடைக்கும்.

ஹலால் வேண்டுகிறவர்களுக்குக் கசான் போன்ற ஊர் வரப்பிரசாதம். தத்தார் முஸ்லிம்கள் அதிகம் வாழும் நகரம் என்பதால் ஹலால் கடைகளும் உணவகங்களும் சாதாரணமாக இருக்கும். அங்கே போனால் எச்போச்மாக் என்ற முக்கோண பேஸ்ட்ரியையும் தேன் ஊற்றிய சக்-சக்கையும் விடாதீர்கள். மற்ற நகரங்களில் உஸ்பெக் உணவகத்தைத் தேடுங்கள். ஆட்டுக்கறி ப்ளோவ் நம் பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம், காரம் மட்டும்தான் குறை.

ஸ்தலோவயாவில் எப்படி வாங்குவது?

ஸ்தலோவயா என்பது பொதுச் சாப்பாட்டுக்கூடம். கல்லூரி, அலுவலகம், தெருமுனை எங்கும் இருக்கும், வெளியே சாப்பிடுவதில் விலை குறைந்த இடமும் இதுதான். தட்டு எடுத்து வரிசையில் நகர வேண்டும். முதலில் சாலட், பிறகு சூப், பிறகு கறியும் துணை உணவும், கடைசியில் ரொட்டியும் பானமும். காசு வரிசை முடிவில். மொழி வராவிட்டால் விரலால் காட்டினாலே போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். சூப் பாதி அளவு வேண்டும் என்றால் 'பல்போர்த்சியி' என்று சொல்லலாம். சாப்பிட்டு முடித்தால் தட்டை நாமே கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். பழைய பழக்கத்தை விடாத கூடங்களில் வியாழக்கிழமை மீன் அதிகம் இருப்பதைப் பார்க்கலாம். 1976இல் சோவியத் அரசு வியாழனை மீன் நாளாக்கியதன் மிச்சம் அது.

அரிசி, பருப்பு, ரவை எல்லாம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும், பெயர்தான் வேறு. பொட்டலத்தில் 'ப்ரபாரென்னி' என்று இருந்தால் அது புழுங்கலரிசி. நீள மணியாக, உதிரியாக வரும். உருண்டை மணி அரிசி குழையும். பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அதுவே சரி. துவரம்பருப்பு சாதாரணக் கடையில் இருக்காது. 'க்ராஸ்னயா செசெவித்சா' என்ற சிவப்புப் பருப்பு நம் மைசூர்ப் பருப்புதான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், சாம்பாருக்கு அது போதும். உடைத்த பட்டாணிப் பருப்பு எல்லாக் கடையிலும் உண்டு. கொண்டைக்கடலை 'நூத்', பச்சைப்பயறு 'மாஷ்'. உளுந்துக்கு இந்தியக் கடையையோ இணையத்தையோதான் நம்ப வேண்டும்.

ரவை 'மான்கா'. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொட்டலத்தில் எம், டி என்று ரக எழுத்து இருக்கும். எம் என்பது மென்கோதுமை, டி என்பது கெட்டிக் கோதுமை. இரண்டும் கலந்தது எம்டி. உப்புமாவுக்கு டி வாங்குங்கள். எம் ரகத்தை எவ்வளவு வறுத்தாலும் பசையாகிவிடும், அது பிள்ளைகளுக்குப் பால் காஷா செய்யும் ரகம்.

மசாலாவுக்குப் பெரிய கடையைவிட 'ரீனக்' என்ற சந்தையே சிறந்தது. அங்கே உஸ்பெக், தாஜிக் வியாபாரிகள் மூட்டை மூட்டையாக மஞ்சள், மல்லி, மிளகாய், சீரகம் வைத்திருப்பார்கள். சீரகம் வேண்டும் என்றால் 'ஸிரா' என்று கேளுங்கள். 'த்மின்' என்று எழுதியதை வாங்காதீர்கள். பார்க்கச் சீரகமாகவே இருக்கும், ரொட்டியில் போடும் வேறு விதை அது. ரசத்தில் போட்டால் ரசம் கெட்டுவிடும். கொத்தமல்லித் தழை 'கின்ஸா'. கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள், உலர்த்தி ஊரிலிருந்து கொண்டுவந்தால்தான் உண்டு.

தயிருக்கு என்ன செய்வது?

புளித்த பாலில் இவர்கள் நம்மையும் மிஞ்சியவர்கள். கெஃபிர், பிரஸ்தக்வாஷா, ரியாஷென்கா, ஸ்மெத்தானா, த்வோரக் என்று கடையில் ஒரு சுவர் முழுக்க இருக்கும். கெஃபிர் கட்டியான மோர், 1, 2.5, 3.2 சதவீதக் கொழுப்பில் வரும். தண்ணீரும் உப்பும் சேர்த்து இஞ்சி, பச்சை மிளகாய் தட்டிப் போட்டால் நீர்மோர் ரெடி. ரியாஷென்கா, சுண்டக் காய்ச்சிய பாலை உறைய வைத்தது, இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். கெட்டித் தயிருக்குப் பக்கத்தில் வருவது பிரஸ்தக்வாஷா.

வீட்டிலேயே தோய்க்கலாம். பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில், சர்க்கரையோ பழமோ சேர்க்காத வெறும் தயிர் ஒரு கரண்டி விட்டு, துணி சுற்றி வெப்பக்குழாய்ப் பக்கத்தில் இரவு வையுங்கள். இட்லி மாவுக்கும் இதே இடம்தான். நகரங்களில் பொது வெப்பமூட்டல், சராசரி வெப்பநிலை ஐந்து நாள் தொடர்ந்து 8 டிகிரிக்குக் கீழே இருந்த பிறகுதான் தொடங்கும். செப்டம்பர் கடைசியில் வருகிறவர்களுக்கு வெளியே குளிர், உள்ளே குழாயும் குளிர் என்று ஒரு இடைக்காலம் அமையும். அந்த நாட்களில் ஓவனின் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை அதற்குள் வைத்தால் பொங்கும்.

ரொட்டியைத் தட்டில் மீதி வைத்தேன். விடுதிக் காவல் பாட்டி ரொம்ப வருத்தப்பட்டார். ஏன்?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல விரும்புகிறேன். லெனின்கிராட் நகரத்தை, அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை, ஜெர்மானியப் படை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை முற்றுகையிட்டது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, அந்த ஊரில் குழந்தைக்கும், வீட்டில் இருப்பவருக்கும், அலுவலக ஊழியருக்கும் கொடுக்கப்பட்ட ஒரு நாள் உணவுப் பங்கு 125 கிராம் ரொட்டி. ஆலைத் தொழிலாளிக்கு 250 கிராம். அந்த ரொட்டியிலும் மரக்கூழ் போன்ற கலப்படம் சேர்த்துத்தான் ஒப்பேற்றினார்கள். பசியால் செத்தவர்கள் பல லட்சம். அந்த ஊர் மட்டுமல்ல, போர் போன பாதை முழுக்கப் பசிதான். இன்று எழுபது எண்பது வயதில் இருப்பவர்கள் அந்தப் பசியைப் பார்த்தவர்களின் பிள்ளைகள். சோற்றைக் கீழே சிந்தினால் நம் பாட்டிமார் எப்படித் துடிப்பார்களோ அந்த நியாயம்தான் இங்கேயும்.

அதனால் வேண்டிய துண்டை மட்டும் எடுங்கள். மிஞ்சியதைக் குப்பையில் போடாமல் பறவைக்குப் போடுவார்கள், அல்லது காயவைத்து சூப்பில் போட்டுக்கொள்வார்கள். கறுப்பு ரொட்டிகளில் பரதீன்ஸ்கியை முதலில் வாங்கிப் பாருங்கள். கம்புமணி என்று சிலர் தவறாகச் சொல்லும் 'ரை' தானியத்தின் மாவில், மேலே முழு மல்லி விதை தூவிச் சுட்டது. வெண்ணெய் தடவி லேசாக உப்புத் தூவினால் வேறு எதுவும் வேண்டாம்.

விடுதிச் சமையலறையில் தாளித்தால் சண்டை வருகிறது.

ஒரு தளத்துக்கு ஒரு சமையலறை, அதைப் பல நாட்டுப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கருகிய மிளகாய் நெடி பழக்கமில்லாதவர்களுக்கு உண்மையிலேயே மூச்சு முட்டும். புகை உணர்கருவி அலறினால் மொத்தக் கட்டிடமும் பனியில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும். ஜன்னலின் மேல்பகுதியைத் திறந்து வையுங்கள், கதவைச் சாத்துங்கள், வறமிளகாயைக் குறைந்த சூட்டில் கடைசியாகப் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை தாளிப்பை மட்டும் செய்து புட்டியில் அடைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் மூடுங்கள்.

அதோடு, சமைத்ததில் கொஞ்சத்தைப் பக்கத்து அறைக்குக் கொடுங்கள். லெமன் சாதமும் மெதுவடையும் ரஷ்யப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சட்னியை மட்டும் தள்ளி வையுங்கள். வாசனையைப் பற்றிய புகார் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

கையால் சாப்பிடலாமா?

உங்கள் அறையில் தாராளமாக. பொது மேசையில் சோறு, காஷா, கறிக்கு முள்கரண்டியும் கரண்டியும்தான். ஆனால் பிரோஷ்கி, பிளினி என்ற மெல்லிய தோசை, கறி அடைத்துப் பொரித்த செபுரேக், கறி வைத்து வேகவைத்த ஜார்ஜிய ஹின்காலி இவற்றை ரஷ்யர்களே கையால் சாப்பிடுகிறார்கள்.

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது?

கூப்பிட்டால் போங்கள், சாக்குச் சொல்லாதீர்கள். தெருவில் சிரிக்காத மனிதர்கள் என்று நீங்கள் நினைத்தவர்கள் மேசை முன்னால் வேறு ஆட்களாக இருப்பார்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம். டீயோடு சாப்பிட ஒரு கேக், சாக்லேட் பெட்டி, அல்லது நம்மூர் இனிப்பு போதும். வீட்டம்மாவுக்குப் பூ வாங்கினால் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும், இரட்டைப்படை சாவுக்கு வைப்பது. வாசற்படிக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நின்று கைகொடுக்காதீர்கள், பொருளையும் கொடுக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் பழக்கமானதுதான். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு தருவார்கள்.

மேசையில் ஒரே நேரத்தில் எல்லாமும் இருக்கும். ஒலிவியே சாலட், கேரட்டும் பீட்ரூட்டும் அடுக்கி உள்ளே உப்பு ஹெர்ரிங் மீன் வைத்த சாலட், ஊறுகாய்கள், காளான். இது வெறும் தொடக்கம் என்பதை நினைவில் வைத்து மெதுவாகச் சாப்பிடுங்கள், சூடான பதார்த்தம் பின்னால்தான் வரும். மயோனைஸ் தாராளமாக இருக்கும். ஹொலதேத்ஸ் என்ற இறைச்சிப் பாகுக்கட்டியும், ஸாலா என்ற உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் நமக்கு எளிதில் இறங்காது. ஒரு சின்னத் துண்டு போதும், அல்லது சாப்பிடுவதில்லை என்று நேராகச் சொல்லலாம். "இன்னும் கொஞ்சம்" என்ற உபசரிப்பு நம் வீடுகளைவிட ஒரு பிடி அதிகமாகவே இருக்கும். "ஸ்பசீபா, யா நயேல்ஸ்யா" என்று ஆண்களும், "நயேலஸ்" என்று பெண்களும் சொன்னால் வயிறு நிறைந்தது என்று புரிந்துகொள்வார்கள். அது தெரிந்தும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

இறந்தவர் நினைவாக நடக்கும் சாப்பாட்டுக்குப் போனால் யாரும் கோப்பையை இடித்துக்கொள்வதில்லை. அமைதியாக இருந்து, வைத்ததில் ஒரு வாயாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

குடிக்கச் சொல்லி வற்புறுத்துவார்களா?

முன்பைவிட மிகவும் குறைவு. இளைஞர்களில் குடிக்காதவர்கள் நிறைய. "யா நே ப்யூ" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, பழச்சாறோ 'மோர்ஸ்' என்ற பெர்ரிப் பானமோ ஊற்றிய கோப்பையை மற்றவர்களோடு உயர்த்துங்கள். வாழ்த்துச் சொல்லும்போது பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்பது அடுத்தது. கடைகளில் இரவு 11 முதல் காலை 8 வரை மது விற்கத் தடை, சில பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

மதுவை முழுக்கத் தவிர்ப்பவர்கள் க்வாஸைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். கறுப்பு ரொட்டியை நொதிக்க வைத்த கோடைப் பானம் அது, மிகக் குறைந்த அளவில் ஆல்கஹால் இருக்கும்.

காப்பி, டீ?

டீ உண்டு, பால் இல்லை. கெட்டிச் சாயத்தைச் சின்னக் கெண்டியில் போட்டு வைத்து, கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வெந்நீர் சேர்ப்பார்கள். எலுமிச்சைத் துண்டோ, பழப்பாகோ கூடவே. பால் டீ குடிக்கும் சில இனத்தவர்களில் கல்மிக்கியா பகுதியின் கல்மிக்கியர்களும் உண்டு. பால், வெண்ணெயோடு உப்பும் போடுவார்கள்.

வயதானவர்களிடம் நீங்கள் இந்தியா என்று சொன்னால் யானைப் படம் போட்ட டீப் பொட்டலத்தைப் பற்றிப் பேசுவார்கள். சோவியத் காலத்தில் இந்தியத் தேயிலையும், டப்பாவில் வந்த இந்திய இன்ஸ்டன்ட் காப்பியும் வரிசையில் நின்று வாங்கிய பொருட்கள். பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

பில்டர் காப்பி இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சிக்கரி இங்கே 'த்சிகோரி' என்ற பெயரில் எல்லாக் கடையிலும் உண்டு. பில்டரை ஊரிலிருந்து கொண்டுவாருங்கள், காப்பித் தூளை இங்கே அரைத்து வாங்கிக்கொள்ளலாம்.

குளிர்காலத்தில் காய்கறி கிடைக்குமா?

வெண்டை, முருங்கை, கத்தரி என்று எதிர்பார்க்காதீர்கள். கத்தரி கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். முட்டைக்கோஸ், பீட்ரூட், கேரட், உருளை, வெங்காயம், பரங்கி இவை எப்போதும் மலிவு. உறைய வைத்த பீன்ஸ், காலிஃபிளவர், கீரை வாங்குங்கள், தரம் நன்றாகவே இருக்கும். புளித்த முட்டைக்கோஸ் இவர்கள் குளிர்காலத்தைக் கடந்த வழி. பெர்ரிகளில் க்ளூக்வாவும் ப்ருஸ்னிகாவும் புளிப்பானவை, புளி தீர்ந்த நாளில் க்ளூக்வாவை நசுக்கி ரசம் வைக்கலாம், பழுதில்லை.

இந்த ஊறுகாயும் பழப்பாகும் வருவது தாச்சாவிலிருந்து. சோவியத் காலத்தில் நகரவாசிகளுக்கு ஒதுக்கிய தோட்டத் துண்டின் வழக்கமான அளவு 600 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 15 சென்ட். கோடை முழுக்க அங்கே உழைத்து, ஆகஸ்டில் புட்டிகளில் அடைப்பார்கள். யாராவது தாச்சாவுக்குக் கூப்பிட்டால் வெள்ளரி பறிக்க உதவுங்கள். திரும்பும்போது பை நிறைந்திருக்கும்.

காளான் மட்டும் எச்சரிக்கை. இலையுதிர்காலத்தில் கூட்டமாகக் காட்டுக்குப் போவார்கள், கூடப் போகலாம், ரசிக்கலாம். நீங்களாகப் பறித்ததைச் சமைக்காதீர்கள். 'ப்ளேத்னயா பகான்கா' என்ற வெளிர்க்காளான் ஈரலைத் தின்றுவிடும். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் அறிகுறியே தெரியும்.

பெட்டியில் என்ன எடுத்துவர வேண்டும்?

புளி, பெருங்காயம், கடுகு, வெந்தயம், உளுந்து கொஞ்சம், சாம்பார்ப் பொடி, உலர்த்திய கறிவேப்பிலை, இட்லித் தட்டு, சின்ன குக்கர், காப்பி பில்டர். அரிசி வேண்டாம், எடை வீண். ஊறுகாய் ஒரு பாட்டில் போதும், இறுக்கி மூடி இரண்டு உறையில் கட்டுங்கள். மிக்ஸி கொண்டுவந்தால் செருகியை மாற்ற இணைப்பி தேவை, இங்கே இரண்டு உருண்டைக் கம்பி உள்ள செருகிதான். பால், இறைச்சி, விதை சார்ந்த பொருட்களுக்குச் சுங்கக் கட்டுப்பாடு உண்டு, பயணத்துக்கு முன் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள்.

துபாய், ஷார்ஜா வழியாக விமானம் மாறுகிறவர்கள் கசகசாவை ஒரு ஸ்பூன்கூட எடுத்து வராதீர்கள், குருமாப் பொடியில் அரைத்ததும் வேண்டாம். அங்கே அது தடை செய்த பொருள். கசகசா ஆசையை இங்கே வந்த பிறகு தீர்த்துக்கொள்ளலாம். 'ஸ் மாகம்' என்று கேட்டால் எந்த ரொட்டிக் கடையிலும் உள்ளே கறுப்பாகக் கசகசா அடைத்த பன் கொடுப்பார்கள்.